சூரியக் காற்று கோள்களின் மேல் வளிமண்டலத்தை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளி பற்றி எழுதிவருவதால் சூரியக் காற்று பற்றிய சந்தேகங்கள் அடிக்கடி வருகின்றன. பெரும்பாலும் ஒரே ரகம். "செவ்வாயின் காற்றைச் சூரியன் ஊதித் தள்ளிவிட்டது, பூமிக்குக் காந்தப்புலம் இருந்ததால் நாம் தப்பித்தோம்" என்ற ஒற்றை வரிக் கதையைக் கேட்டுவிட்டு, அதில் எங்கேயோ இடிக்கிறதே என்று கேட்கிறார்கள். நிஜமாகவே இடிக்கிறது. எங்கே என்பதைத்தான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லப்போகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. பின்னால் வருபவற்றுக்கு முன்னால் வந்த பதில்கள் தேவைப்படும்.

1. சூரியக் காற்றுன்னா நிஜமாவே காத்தா? நம்ம மேல வீசுற மாதிரி வீசுமா?

வீசுகிறது. ஆனால் நாம் சுவாசிக்கும் வாயு இல்லை. சூரியனின் வெளிப்புறப் பகுதியான கரோனா பத்து லட்சம் டிகிரிக்கும் மேல் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் அணுக்கள் உடைந்து புரோட்டான்களும் எலெக்ட்ரான்களுமாகப் பிரிந்துவிடுகின்றன. இந்தக் கலவையின் பெயர் பிளாஸ்மா. சூரியனின் ஈர்ப்பால் இதைப் பிடித்து வைக்க முடியாமல், எல்லாத் திசைகளிலும் ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. நூற்றுக்கு நான்கைந்து ஹீலியம் அணுக்கருக்களும், துளியூண்டு ஆக்சிஜன், இரும்பு போன்றவையும் இதில் உண்டு.

வேகம் நொடிக்கு 300 முதல் 800 கி.மீ. வரை. 400 என்று வைத்துக்கொண்டால் பூமிக்கு வந்து சேர நான்கு நாளுக்குச் சற்று மேல் ஆகும். அடர்த்திதான் பரிதாபம்: பூமிக்கு அருகே ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்து துகள் தேறினால் அதிகம். கடல் மட்டத்துக் காற்றில் அதே இடத்துக்குள் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. சூரியக் காற்று தரும் அழுத்தம், நம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 50 லட்சம் கோடியில் ஒரு பங்கு. கையை நீட்டினால் ஒன்றும் தெரியாது.

பலரும் மறந்துபோகும் ஒரு விஷயம்: இந்தக் காற்று தன்னோடு சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்து வருகிறது. பூமியருகே அது ஐந்து நானோடெஸ்லா அளவுதான். நம் காலடியில் இருக்கும் பூமிக் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு சின்னது. ஆனாலும் கீழே வரும் கதைகளில் பாதி அதனால் நடப்பதுதான்.

2. வெறும் வெற்றிடத்துல இப்படி ஒண்ணு ஓடுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?

வால்மீன்களைப் பார்த்துத்தான். வால்மீன் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாலும் அதன் வாயு வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீளும். ஒளியின் அழுத்தம் மட்டும் இதற்குப் போதாது, சூரியனிலிருந்து துகள்கள் தொடர்ந்து வர வேண்டும் என்று ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பியர்மான் 1951-ல் வாதிட்டார். 1958-ல் யூஜீன் பார்க்கர் அதற்கான கணக்கைப் போட்டார்: அவ்வளவு சூடான கரோனா சும்மா நிற்க முடியாது, ஒலியை மிஞ்சும் வேகத்தில் வெளியேறியே ஆக வேண்டும்.

கட்டுரையை மதிப்பிட்ட இருவருமே அதை நிராகரிக்கச் சொன்னார்கள். அப்போது அந்த வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியர் நம் எஸ். சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்து பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் பிழை எதுவும் இல்லை என்பதால் வெளியிட்டார். ஓர் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே சோவியத்தின் லூனா 1 அந்தத் துகள்களைத் தொட்டது. 1962-ல் வெள்ளிக்குப் போன மரைனர் 2 வழியெல்லாம் அளந்துகொண்டே சென்று சந்தேகத்தைத் தீர்த்தது. பார்க்கரின் பெயர் தாங்கிய விண்கலம் 2018-ல் கிளம்பி, 2024 டிசம்பர் 24 அன்று சூரியனின் பரப்புக்கு 61 லட்சம் கி.மீ. அருகே போனது.

3. "மேல் வளிமண்டலம்"னு சொல்றீங்களே, அது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?

பூமியைப் பொறுத்தவரை சுமார் 90 கி.மீ.க்கு மேலே வெப்ப மண்டலம் தொடங்குகிறது. சூரியனின் கடுமையான புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுவதால் அங்கே வெப்பநிலை ஆயிரம் டிகிரியைத் தொடும். அதே கதிர்கள் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுப்பதால், இதே உயரங்களில் அயனி மண்டலமும் கலந்திருக்கிறது. 500, 600 கி.மீ.க்கு மேலே போனால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதே அபூர்வம். அங்கே மேல்நோக்கிப் போதிய வேகத்தில் கிளம்பும் அணுவைத் தடுக்க யாரும் இல்லை. போனால் போனதுதான்.

முடிவு எங்கே என்றால், கோடு போட்டுக் காட்ட முடியாது. பூமியைச் சுற்றியுள்ள மிக மெல்லிய ஹைட்ரஜன் மூட்டம் 6,30,000 கி.மீ. வரை நீள்கிறது என்று சோஹோ விண்கலத்தின் தரவுகளிலிருந்து 2019-ல் கண்டறிந்தார்கள். நிலா இருப்பதோ சராசரியாக 3,84,000 கி.மீ. தொலைவில். அந்தக் கணக்கில் நிலாவும் நம் வளிமண்டலத்துக்குள்தான் சுற்றுகிறது.

4. அஞ்சு துகள் இருக்கிற காத்து ஒரு கோளோட வளிமண்டலத்தை எப்படிப் பிடுங்க முடியும்? மோதித் தள்ளுதா?

இதுதான் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. மோதித் தள்ளுவதாக நினைத்தால் கணக்கு எப்போதும் உதைக்கும். முதல் பதிலில் சொன்ன அந்த அற்ப அழுத்தத்தால் காற்றை நெட்டித் தள்ள முடியாது. மின்னூட்டம் இல்லாத ஒரு சாதாரண அணுவைச் சூரியக் காற்று பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. அது பாட்டுக்குக் கடந்து போய்விடும்.

அந்த அணு ஓர் எலெக்ட்ரானை இழந்து அயனியாகும் கணத்தில் நிலைமை தலைகீழாகிறது. சூரியக் காற்றோடு ஓடிவரும் காந்தப்புலம் இப்போது அதைப் பிடித்துக்கொள்கிறது. ஓடும் காந்தப்புலத்துக்குள் நிற்கும் ஒரு மின்னூட்டத் துகள் சும்மா நிற்க முடியாது, மின்விசை அதை இழுக்கும். சுழன்று சுழன்று ஓடத் தொடங்கும் அந்த அயனி, ஒரு கட்டத்தில் சூரியக் காற்றைப் போல இரண்டு மடங்கு வேகம் வரை எட்டும். நொடிக்கு ஐந்து கி.மீ. கிடைத்தாலே செவ்வாயை விட்டு ஓடிவிடலாம் எனும்போது, நொடிக்குச் சில நூறு கி.மீ. என்பது எவ்வளவு தாராளம் என்று பாருங்கள். வால்மீன் வாலில் பியர்மான் பார்த்ததும் இதே சங்கதிதான்.

ஆக, ஒரு கோள் தன் காற்றைச் சூரியக் காற்றிடம் எவ்வளவு இழக்கும் என்பது, மேலே எவ்வளவு அயனிகள் உருவாகின்றன, அவை சூரியக் காற்றின் பிடிக்குள் வருகின்றனவா என்ற இரண்டைப் பொறுத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கேள்விகள் பாதி எளிதாகிவிடும்.

5. அப்போ அணுவை அயனியாக்குறது சூரியக் காற்றா, சூரிய ஒளியா?

இரண்டும்தான். பெரும் பங்கு ஒளிக்கு. தீவிரப் புற ஊதாக் கதிர்கள் நேரடியாக எலெக்ட்ரானைத் தட்டிவிடுகின்றன. சூரியக் காற்றின் புரோட்டான், எதிர்ப்படும் அணுவிடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்துக்கொண்டு போவதும் உண்டு. அப்போது புரோட்டான் சாதுவான ஹைட்ரஜன் அணுவாகிவிடும், பறிகொடுத்தது அயனியாகிவிடும். மூன்றாவது வழி, சூரியக் காற்றின் சூடான எலெக்ட்ரான்கள் மோதுவது.

இரண்டாவது வழியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எலெக்ட்ரானைப் பெற்று நடுநிலையான அந்த ஹைட்ரஜன் அணுவுக்கு வேகம் குறைவதில்லை, ஆனால் இனி எந்தக் காந்தப்புலமும் அதைத் தடுக்காது. நேராக வளிமண்டலத்துக்குள் இறங்கி ஒளிரவைக்கிறது. செவ்வாயில் பகல் பக்கத்தில் தெரியும் புரோட்டான் துருவ ஒளி இப்படி வருவதுதான். கண்ணுக்குத் தெரியாது, புற ஊதாக் கருவிக்கு மட்டும் தெரியும்.

6. செவ்வாய்ல இது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்.

செவ்வாய்க்குப் பூமியைப் போல உலகளாவிய காந்தப்புலம் இல்லை. சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அதன் உட்கருவில் காந்தப்புலத்தை உருவாக்கிவந்த டைனமோ அணைந்துவிட்டது. தென்பகுதிப் பாறைகளில் பழைய காந்தம் உறைந்து கிடப்பதை மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் கண்டுபிடித்தது. அந்தத் திட்டுகளுக்கு மேலே மட்டும் சிறு குடைகள் போலக் காந்தப்புலம் நிற்கிறது.

மற்ற இடங்களில் நான்காம் பதிலில் சொன்னபடி அயனிகள் பிடிபடுகின்றன. ஆனால் பிடிபட்டவை எல்லாம் தப்பிப்பதில்லை. ஆக்சிஜன் அயனி கனமானது, சூரியக் காற்றின் காந்தப்புலமோ பலவீனமானது. அதனால் அந்த அயனி போடும் வட்டத்தின் ஆரம் இருபதாயிரம் கி.மீ. வரை போகும். செவ்வாயின் ஆரமே 3,400 கி.மீ.க்குக் குறைவு. இவ்வளவு பெரிய வளைவில் ஓடும்போது சில அயனிகள் திரும்ப வந்து வளிமண்டலத்திலேயே வேகமாக மோதுகின்றன. கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் அடித்ததும் காய்கள் சிதறுகிற மாதிரி, அங்கே இருக்கும் நடுநிலை அணுக்கள் சிதறி, சில மேலே எகிறித் தப்பிவிடுகின்றன. மின்னூட்டமே இல்லாத ஆர்கான் போன்றவையும் சூரியக் காற்றால் வெளியேறுவது இந்த வழியில்தான்.

2014 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த நாசாவின் மாவென் இதை எல்லாம் அளக்கவே அனுப்பப்பட்டது. அடுத்த இரண்டு நாளில் நம் மங்கள்யானும் போய்ச் சேர்ந்தது. அதன் மென்கா கருவியும் செவ்வாயின் மேல்விளிம்பில் எதிர்பார்த்ததைவிடச் சூடான ஆர்கான் இருப்பதைப் பதிவு செய்தது.

7. செவ்வாய் இப்போ நொடிக்கு எவ்வளவு காற்றை இழக்குது? அந்த வேகத்துலயா மொத்தமும் போச்சு?

சூரியக் காற்று அயனிகளாக இழுத்துச் செல்வது நொடிக்குச் சுமார் 100 கிராம் என்று மாவென் குழு 2015-ல் அறிவித்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். செவ்வாயின் இன்றைய வளிமண்டலத்தின் நிறை சுமார் 25 லட்சம் கோடி டன். நொடிக்கு 100 கிராம் வீதம் போனால் அது தீர்ந்துபோகக் கிட்டத்தட்ட 800 கோடி ஆண்டு ஆகும். சூரியக் குடும்பத்தின் வயதே 460 கோடி. அப்படியென்றால் இன்றைய வேகத்தில் பழைய தடித்த வளிமண்டலம் போயிருக்க வழியே இல்லை.

விடை இரண்டு பகுதி. ஒன்று, இளமையில் சூரியன் இவ்வளவு அமைதியாக இல்லை. புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் இன்றைவிடப் பல மடங்கு, சூரியக் காற்றும் பலம், சூரியப் புயல்களும் அடிக்கடி. 2015 மார்ச்சில் ஒரு சூரியப் புயல் செவ்வாயைத் தாக்கியபோது அயனி இழப்பு ஏறத்தாழப் பத்து மடங்கு எகிறியது. அப்படிப்பட்ட நாட்களே வழக்கமாக இருந்த காலத்தை யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, அயனிகள் மட்டும் போகவில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வேறு வழிகளிலும் வெளியேறுகின்றன. எல்லாம் சேர்த்தால் இன்றைய இழப்பு நொடிக்கு 2 முதல் 3 கிலோ. ஆக்சிஜனின் முக்கிய வழியில் சூரியக் காற்றுக்கு வேலையே இல்லை. ஆக்சிஜன் மூலக்கூறு அயனி ஓர் எலெக்ட்ரானோடு சேரும்போது இரண்டு அணுக்களாக வெடித்துப் பிரிகிறது. அந்த அணுக்கள் நொடிக்கு 6 கி.மீ.க்குச் சற்று மேலான வேகம் வரை பெறலாம். செவ்வாயிலிருந்து விடுபட 5 போதும். காரியம் முடிந்தது. 2018-ல் வந்த மதிப்பீட்டின்படி, இந்த எல்லா வழிகளிலும் சேர்த்துச் செவ்வாய் இழந்த கார்பன் டை ஆக்சைடு பூமியின் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் எட்டுப் பங்குக்குக் குறையாது. இன்று மிச்சம் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

8. கோடி வருஷத்துக்கு முன்னாடி போனதை இப்போ எப்படி அளக்குறாங்க? சும்மா அடிச்சு விடுறதுதானே?

இல்லை. ஆர்கான் ஒரு நல்ல சாட்சி. அது எதோடும் வேதிவினை புரியாது, பாறையில் போய் ஒளிந்துகொள்ளாது. கனமானது என்பதால் வெப்பத்தால் மட்டும் தப்பவும் முடியாது. ஆறாம் பதிலில் சொன்ன சிதறடிப்பு ஒன்றுதான் அதற்கு வாசல்.

ஆர்கானில் 36, 38 என்ற நிறை எண் கொண்ட இரண்டு வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். உயரே போகப் போக இலேசான 36 தான் விகிதத்தில் கூடுதலாக இருக்கும், அதனால் அதுவே அதிகம் தொலையும். கீழே கனமான 38-இன் பங்கு மெல்ல ஏறும். சூரியனிலும் வியாழனிலும் 38 ஒன்றுக்கு 36 ஐந்தரை. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்த் தரையில் அளந்தபோது கிடைத்தது 4.2. இதையும் மேலே மாவென் அளந்ததையும் சேர்த்து, செவ்வாயின் ஆர்கானில் மூன்றில் இரண்டு பங்கு விண்வெளிக்குப் போய்விட்டது என்று 2017-ல் முடிவுக்கு வந்தார்கள்.

9. காந்தப்புலம் இல்லாத கோள்னா, சூரியக் காற்று நேரா தரையில வந்து அடிக்குமா?

வளிமண்டலம் என்று ஒன்று இருந்தால் அடிக்காது. அயனி மண்டலம் மின்சாரம் கடத்தும். காந்தப்புலத்தைச் சுமந்து வரும் சூரியக் காற்று அதன்மேல் வந்து படும்போது அதற்குள் மின்னோட்டங்கள் எழுகின்றன. அந்த மின்னோட்டங்கள் வந்த புலத்தை உள்ளே விடாமல் தடுக்கின்றன. காந்தக் கோடுகள் முன்பக்கம் குவிந்து, கோளின் மேல் போர்த்தியது போல வளைந்து, பின்னால் நீண்ட வாலாகின்றன. இப்படித் தானாக உருவாகும் இதைத் தூண்டப்பட்ட காந்த மண்டலம் என்கிறார்கள். வெள்ளி, செவ்வாய் இரண்டுக்கும் இதுதான் கவசம்.

என்ன, கவசம் கோளுக்கு மிக நெருக்கத்தில் இருக்கிறது. பூமியின் காந்த மண்டல எல்லை சூரியன் பக்கம் சுமார் 65,000 கி.மீ. தள்ளி நிற்கிறது. வெள்ளியிலோ சில நூறு கி.மீ. உயரத்திலேயே. அதனால் அங்கே வளிமண்டலத்தின் உச்சி கவசத்துக்கு வெளியேயும் எட்டிப் பார்க்கிறது. நான்காம் பதிலில் சொன்ன பிடிப்பு அங்கேதான் நடக்கிறது.

10. வெள்ளிக்கும் காந்தப்புலம் இல்லை, சூரியனுக்குக் கிட்ட வேற இருக்கு. அதோட காற்று மட்டும் ஏன் போகலை?

தொடக்கத்தில் சொன்ன ஒற்றை வரிக் கதை இடறி விழும் இடம் இதுதான். வெள்ளியின் தரை அழுத்தம் பூமியைப் போல 92 மடங்கு. காந்தப்புலம் இல்லாவிட்டால் காற்று போய்விடும் என்பது சட்டமாக இருந்தால் வெள்ளி மொட்டையாக இருந்திருக்க வேண்டும்.

முக்கியக் காரணம் ஈர்ப்பு. வெள்ளியின் விடுபடு வேகம் நொடிக்கு 10.4 கி.மீ. ஏழாம் பதிலில் வந்த, செவ்வாயில் ஆக்சிஜனைத் தப்பவைத்த அதே வேதிவினை இங்கும் நடக்கிறது. ஆனால் 6 சொச்சம் கி.மீ. வேகத்தில் கிளம்பும் அணு இங்கே திரும்ப விழுந்துவிடும். அதோடு, வெள்ளியின் மேல் வளிமண்டலம் கார்பன் டை ஆக்சைடு நிறைந்தது. அது வெப்பத்தை விண்வெளிக்கு நன்றாக உமிழ்வதால், சூரியனுக்கு அருகில் இருந்தும் உச்சி பூமியைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. கையிருப்பு வேறு ஏராளம்.

அதற்காக வெள்ளி ஒன்றும் இழக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். அது இழந்தது நீரை. வீனஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் அளந்தபோது வெளியேறும் ஹைட்ரஜன், ஆக்சிஜன் அயனிகள் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்று இருந்தன. அதாவது தண்ணீரின் விகிதம். கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தின் பங்கும் அங்கே பூமியைவிட நூறு மடங்குக்கு மேல். இலேசான ஹைட்ரஜன் பெருமளவில் ஓடிப்போனால்தான் இப்படி ஆகும்.

11. அப்போ பூமியோட காந்தப்புலம் நம்ம காற்றைக் காப்பாத்துதுன்னு படிச்சதெல்லாம் பொய்யா?

பொய் இல்லை, பாதிதான் சொல்லிக்கொடுத்தார்கள். சூரியக் காற்றைத் தள்ளி நிறுத்துவது உண்மை. ஆனால் காந்தப்புலம் பெரிதாக இருந்தால் சூரியக் காற்றின் ஆற்றலை வாங்கும் பரப்பும் பெரிதாகிறது. அந்த ஆற்றல் காந்தக் கோடுகள் வழியே இரு துருவங்களுக்கும் இறங்கி அங்கே அயனிகளைச் சூடாக்குகிறது. துருவக் கோடுகள் விண்வெளிப் பக்கம் திறந்து கிடப்பதால் சூடான அயனிகள் அப்படியே வெளியே போகின்றன.

துருவங்களில் சூரியப் புயல் இல்லாதபோதும் ஒரு கசிவு உண்டு. எலெக்ட்ரான்கள் இலேசானவை, மேலே ஓடப் பார்க்கும். அவை தம்மோடு அயனிகளையும் இழுக்கும் ஒரு சின்ன மின்புலம் உருவாகிறது. 2022 மே மாதம் ஸ்வால்பார்டிலிருந்து ஏவிய எண்டியூரன்ஸ் ராக்கெட் இதை அளந்தது: வெறும் 0.55 வோல்ட். ஹைட்ரஜன் அயனியை ஒலியை மிஞ்சும் வேகத்தில் வெளியேற்ற அதுவே போதும். ஆக்சிஜன் அயனிக்குப் போதாது, அதற்குச் சூரியக் காற்றிலிருந்து கூடுதல் ஆற்றல் வேண்டும்.

பூமி, செவ்வாய், வெள்ளி மூன்றிலும் இன்று அளக்கும் அயனி இழப்பு கிட்டத்தட்ட ஒரே அளவு வரிசையில் இருக்கிறது. இதை வைத்துக் காந்தப்புலம் தேவையே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. பூமியில் வெளியேறியதில் ஒரு பகுதி காந்த வாலிலிருந்து திரும்பி வந்துவிடுகிறதே என்று மறுப்பவர்களும் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை. என் கணிப்பைக் கேட்டால், காற்று நிலைப்பதில் ஈர்ப்புக்கே முதல் இடம், காந்தப்புலம் அதற்கு அடுத்ததுதான்.

12. துருவ ஒளி சூரியக் காற்று நேரா வளிமண்டலத்துல மோதுறதால வர்றதுதானே?

பெரும்பாலும் நேராக இல்லை. சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பியிருக்கும்போது பூமியின் கோடுகளோடு அது அறுந்து இணைகிறது. அப்படிக் கிடைக்கும் ஆற்றல் பூமிக்குப் பின்னால் நீளும் காந்த வாலில் சேர்ந்து, ஒரு கட்டத்தில் திடீரென விடுபடுகிறது. அப்போது எலெக்ட்ரான்கள் பூமியை நோக்கி முடுக்கப்பட்டு, துருவங்களைச் சுற்றிய வளையங்களில் இறங்குகின்றன.

100 கி.மீ.க்குச் சற்று மேலே ஆக்சிஜன் பச்சையாக ஒளிர்கிறது. 200 கி.மீ.க்கு மேலே அதே ஆக்சிஜன் சிவப்பு. நைட்ரஜன் நீலமும் ஊதாவும் தரும்.

13. சூரியப் புயல் வந்தா வளிமண்டலம் வீங்கும்ங்கிறாங்களே, நிஜமா?

நிஜம், அதற்கு விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். புயலின்போது துருவப் பகுதிகளின் மேல் வளிமண்டலத்தில் பெரும் மின்னோட்டங்கள் பாய்ந்து அதைச் சூடாக்குகின்றன. சூடான வாயு மேலே விரியும். அதனால் குறிப்பிட்ட ஓர் உயரத்தில் அடர்த்தி கூடும், அங்கே சுற்றும் செயற்கைக்கோளுக்கு இழுவை அதிகரிக்கும்.

2022 பிப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 இப்படித்தான் எரிந்து விழுந்தன. தாழ்ந்த சுற்றுப்பாதையில் விடப்பட்டிருந்தவற்றால் மேலே ஏற முடியவில்லை. அந்தப் புயல் பெரியதுகூட இல்லை, நடுத்தரத்துக்கும் கீழே. 1979-ல் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலேப் எதிர்பார்த்ததைவிட முன்னதாக விழுந்ததற்கும் சூரியனின் சுறுசுறுப்பால் வீங்கிய வளிமண்டலமே காரணம். அதில் புயல்களைவிடப் புற ஊதாக் கதிர்களின் பங்கு அதிகம்.

14. பூமியோட காந்த துருவங்கள் தலைகீழா மாறும்போது நம்ம காற்று பூரா போயிடுமா?

போகாது. கடைசியாக முழுமையாகப் புரண்டது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கும் முன்னால் எத்தனையோ முறை புரண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சில ஆயிரம் ஆண்டுகள் புலம் பலவீனமாக இருந்தது. காற்று அப்படியே இருக்கிறது. பதினோராம் பதிலைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பூமி இன்று நொடிக்குச் சுமார் 3 கிலோ ஹைட்ரஜனை இழக்கிறது. நம் வளிமண்டலத்தின் நிறை ஐம்பது கோடி கோடி டன்னுக்கும் சற்று அதிகம். சில ஆயிரம் ஆண்டுகளில் அதில் ஒரு கீறல்கூட விழாது. அப்போது உண்மையான தலைவலி செயற்கைக்கோள்களுக்கும், உயரப் பறக்கும் விமானங்களில் கதிர்வீச்சுக்கும்தான்.

15. சூரியக் காற்று ஒரு நாள் நின்னுட்டா என்ன ஆகும்?

கிட்டத்தட்ட நின்ற நாட்களே இருக்கின்றன. 1999 மே 11 வாக்கில் பூமிக்கு அருகே அதன் அடர்த்தி 98 சதவீதம் விழுந்தது. வெளியிலிருந்து அழுத்தம் இல்லாததால் பூமியின் காந்த மண்டலம் பல மடங்கு ஊதிப் பெருத்தது.

2022 டிசம்பரில் செவ்வாய்க்கும் அதே அனுபவம். வேகமான ஓட்டம் ஒன்று மெதுவான ஓட்டத்தை முன்னால் வாரிக்கொண்டு போக, பின்னால் ஒரு வெற்றிடம் விழுந்தது. அடர்த்தி நூறில் ஒன்றாகக் குறைய, செவ்வாயின் காந்த மண்டலமும் அயனி மண்டலமும் ஆயிரக்கணக்கான கி.மீ. விரிந்தன. ஒன்பதாம் பதிலில் சொன்ன கவசத்தின் எல்லையைத் தீர்மானிப்பது இரண்டு பக்க அழுத்தங்களின் சமநிலை என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று கிடைக்காது.

16. வளிமண்டலமே இல்லாத நிலா, புதன் எல்லாம்?

அங்கே சூரியக் காற்று உண்மையாகவே தரையில் படுகிறது. நிலாவின் மண்ணில் புரோட்டான்கள் புதைந்து அங்குள்ள ஆக்சிஜனோடு சேர்கின்றன. நிலாப் பரப்பில் தெரியும் மிகச் சன்னமான ஈரத்துக்கு இது ஒரு காரணம். புதனுக்குச் சிறிய காந்தப்புலம் உண்டு. ஆனாலும் தரையிலிருந்து தட்டியெழுப்பப்படும் சோடியம், சூரிய ஒளியின் அழுத்தத்தால் பின்னால் நீண்ட வாலாகிறது.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு பௌர்ணமியை ஒட்டியும் நிலா சில நாட்கள் பூமியின் காந்த வாலுக்குள் நுழைகிறது. அப்போது பூமியிலிருந்து கசிந்த ஆக்சிஜன் அயனிகள் நிலாவில் போய்ப் பதிவதை ஜப்பானின் ககுயா கலம் கண்டது. 2017-ல் அது வெளியானது. நம் காற்றின் துணுக்குகள் நிலா மண்ணில் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

17. வேற நட்சத்திரங்களைச் சுத்துற கோள்கள்ல காற்று இருக்குமா?

சிவப்புக் குறுமீன்கள் எனப்படும் சிறிய நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள்தான் கவலைக்குரியவை. அந்த நட்சத்திரங்கள் மங்கலானவை, அதனால் உயிர்வாழத் தகுந்த தூரம் என்பது நட்சத்திரத்துக்கு மிக அருகில் அமைகிறது. இளமையில் அவை வெகுநாள் சீறிக்கொண்டே இருப்பவை வேறு. ஏழாம் பதிலில் பார்த்த இளம் சூரியனின் காலம் அங்கே நூறு கோடி ஆண்டுகள்கூட நீளலாம்.

40 ஒளியாண்டு தொலைவில் உள்ள டிராப்பிஸ்ட்-1 இன் கோள்களை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தது. மிக உள்ளே இருக்கும் கோளில் சொல்லும்படியான வளிமண்டலம் தெரியவில்லை. அடுத்ததில் வெள்ளியைப் போன்ற தடித்த கார்பன் டை ஆக்சைடு இல்லை. இரண்டும் 2023-ல் வந்த முடிவுகள். வெளியே இருக்கும் கோள்களை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

18. செவ்வாய்க்கும் சூரியனுக்கும் நடுவுல பெரிய காந்தம் வெச்சா, செவ்வாய்ல திரும்பக் காற்று சேர்ந்துடுமா?

கற்பனைக் கேள்வி மாதிரி தெரியும், ஆனால் 2017-ல் நாசாவின் ஜிம் கிரீன் இதே யோசனையை ஒரு கருத்தரங்கில் முன்வைத்தார். இரு ஈர்ப்புகளும் சமனாகும் இடத்தில் வலுவான காந்தம் ஒன்றை நிறுத்தி, அதன் நிழலில் செவ்வாயை வைப்பது.

இதுவரை படித்தவர்கள் இதைத் தாங்களே எடைபோடலாம். அந்தக் காந்தம் தடுப்பது சூரியக் காற்றை மட்டும். ஆகவே மிச்சமாவது பெரும்பாலும் அந்த 100 கிராம் கணக்குதான். புற ஊதாக் கதிர்களைக் காந்தம் தடுக்காது. அவற்றால் உருவாகும் ஆக்சிஜன் அணுக்கள் 6 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இழப்பைக் குறைத்தாலும் புதுக் காற்று எங்கிருந்தாவது வர வேண்டும். துருவப் பனியிலும் மண்ணிலும் பாறையிலும் இருந்து எளிதில் எடுக்கக்கூடிய கார்பன் டை ஆக்சைடு முழுவதையும் விடுவித்தாலும் பூமியின் அழுத்தத்தில் நூற்றில் சில பங்குதான் தேறும் என்று 2018-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மீதி எல்லாம் எப்போதோ விண்வெளிக்குப் போய்விட்டது, அல்லது பாறைகளுக்குள் ஆழத்தில் கார்பனேட்டாக இறுகிக் கிடக்கிறது.